எந்தப் பக்கம் நிற்பது?
(ஐந்தருவியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



தேர்தல் வந்தா எந்தக் கட்சிக்குப் போடணும்னு கேட்கிறீங்க. தென்காசி மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. வேட்பாளர் நம்ம ஆள்தான். ஆனா அவரை ஜெயிக்க வைப்பது எல்லாச் சாதி ஓட்டும். இரட்டை வாக்குரிமையை 1932இல் பூனா ஒப்பந்தம் பறித்ததன் விளைவு இது. ஆகவே 'நம்மாளா?' என்ற கேள்வி மட்டும் போதாது.

இந்த அருவித் தண்ணி சிற்றாறாகித் தாமிரபரணியில் சேருது. அதே தாமிரபரணிக் கரையில், 1999 ஜூலை 23இல், மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி. குழந்தை உட்பட 17 பேர் பிணமானார்கள். இரண்டே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல். கரை வேட்டிகள் சேரிக்குள் வந்தன.

வருகிறவனிடம் கேளுங்கள்: 'கூலி கேட்டவன் அடிபட்டப்போ நீ எங்கய்யா நின்ன?' பதிலைப் பொறுத்து ஓட்டு மாறலாம். கூலி கேட்டவன் பக்கம் நிற்கும் நம் இடம் மாறக்கூடாது.