படுக்கைக்குப் போகும் பணம்

மருத்துவத்திலும் செவிலியத்திலும் இயன்முறை மருத்துவத்திலும் இன்று பட்டம் பெறும் செல்வங்களே!

முதியவர்கள் பெருகப் பெருக அரசின் மருத்துவச் செலவு கைமீறிப் போய்விடும் என்று சொல்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர். வயதானவர்களைப் பாரமாகப் பேசும் அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. செலவை ஏற்றுவது வயதைவிட முடக்கம்தான்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் லூபிட்ஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. 70 வயதில் தடையின்றி நடமாடும் ஒருவர் சராசரியாக இன்னும் 14.3 ஆண்டுகள் வாழ்வார். இறுதிவரை அவருக்காகும் மருத்துவச் செலவு சுமார் 1,36,000 டாலர். அதே வயதில் குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றிலாவது தடுமாறுபவர் வாழ்வது 11.6 ஆண்டுகள், செலவோ 1,45,000 டாலர். ஏறக்குறைய மூன்றாண்டு கூடுதலாக வாழ்கிறவருக்கு ஆகும் செலவு குறைவு! முதியவர்களை நடமாட்டத்தோடு வைத்திருந்தால் கஜானா காலியாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் ஊருக்கு வருகிறேன். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். உங்களில் பலர் வார்டில் பார்த்த கேஸ்தான். காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது; வாக்கரோடு வீட்டுக்கு அனுப்புகிறோம். நம் பார்வைக்கு அது வெற்றி. அந்த வீட்டிலோ நிலைப்படி உயரம். கழிப்பறை கொல்லைப்புறத்தில், குந்தி உட்காரும் வகை. வாக்கரைத் தூக்கிப் படியைத் தாண்ட அவருக்கு யாரும் பழக்கிவிடவில்லை. "மறுபடி விழுந்துடப் போறே, பேசாம படும்மா" என்கிறார் மகன், பாசத்தோடுதான். தொடைத் தசை இளைக்கிறது. திருப்பிப் படுக்கவைக்க ஆளில்லாததால் முதுகெலும்பு முடியும் இடத்தில் தோல் சிவந்து புண்ணாகிறது. பிறகு சிறுநீர்த் தொற்று, நிமோனியா. மறுபடியும் அதே மருத்துவமனை, அதே அட்டை.

2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் காப்பீடு விரிவாக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். மனமார வரவேற்கிறேன். ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் அந்தப் பணம் பேசும். வீடு திரும்பிய பின் 15 நாள்வரை உள்ள செலவோடு அது நின்றுவிடும். இடுப்பு முறிந்தவர் நடை பழக மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களின் செலவை மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டுக் கொடுக்கிறார். அரசுக் கணக்கு எதிலும் அது ஏறுவதில்லை. இது பெண்கள்மீது ஏற்றப்பட்ட வரி என்பேன்.

மாற்று வழி நம்மிடமே இருக்கிறது. கேரளம் 2008-லேயே வலிதணிப்புப் பராமரிப்புக்குக் கொள்கை வகுத்து, வீடு தேடிச் செல்லும் பணியில் உள்ளாட்சிகளை இறக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி., சுகர் மாத்திரைகளோடு பிசியோதெரபியையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. பி.பி. மாத்திரை விடாமல் கிடைத்தாலே பக்கவாதங்களில் எத்தனையோ தவிர்க்கலாம். ஒரு பக்கவாதம் ஒரு குடும்பத்தையே கட்டிலோடு கட்டிப்போடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். 2024-இல் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டதும் பெருமைக்குரியதே. ஆனால் அடுத்த ரூபாயை எங்கே போடலாம் என்று என்னைக் கேட்டால், அந்த அம்மாவின் நிலைப்படிக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கும் செவிலியருக்கும் போடச் சொல்வேன். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தவும் போடச் சொல்வேன்.

இளம் மருத்துவர்களே, செவிலியர்களே, பிசியோதெரபிஸ்டுகளே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 1963-இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஆறு எளிய கேள்விகளை வகுத்துத் தந்தார். தானாகக் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போய்வருகிறாரா, கட்டிலைவிட்டு எழுந்து நாற்காலியில் உட்காருகிறாரா, மலசலத்தை அடக்க முடிகிறதா, தானே சாப்பிடுகிறாரா? கேட்டு முடிக்கச் சில நிமிடங்கள் போதும். கருவியோ ரத்தப் பரிசோதனையோ வேண்டாம். கேஸ் ஷீட்டில் பி.பி.யையும் சர்க்கரையையும் எழுதுகிற அதே கையால், 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் இந்த ஆறு பதில்களையும் எழுதுங்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மறுபடி கேட்டு எழுதுங்கள். ஏட்டில் இல்லாத முடக்கத்துக்கு எந்த நிதித்துறைச் செயலரும் பணம் ஒதுக்கப்போவதில்லை. நாளை பணியில் சேரும் வார்டிலேயே இதைத் தொடங்குங்கள்.