கடைசி 250 மீட்டர்



சைக்கிள் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க உட்காருகிறவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்து மணி நேரம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முதுகை வளைத்து மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசிப் பதினைந்து விநாடியில் ஒருவர் கையைத் தூக்குகிறார். அவ்வளவுதானே என்று தோன்றும். அந்தப் பதினைந்து விநாடியைத்தான் ஸ்பிரிண்ட் என்கிறார்கள். அது வெறும் கால்வலுவின் வேலை இல்லை, தேர்ந்த கலை என்று நினைக்கிறவன் நான். அதை எடுத்துக்காட்ட எரித்திரியா நாட்டு வீரர் பினியம் கிர்மாயின் ஆரம்பகால ஆட்டத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி அஸ்மராவில் பிறந்தவர். 24 வயதில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், புள்ளிக் கணக்கில் முதலிடம் பெறுகிறவருக்கான பச்சைச் சட்டையை வென்றவர்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சொற்றொடர் கையிலேயே தயாராக இருக்கிறது: ‘முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்’. உலகச் சாம்பியன்ஷிப் சாலைப் பந்தயத்தில் பதக்கம் வாங்கிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர், பல நாள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர், டூரில் அதேபோல் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். எல்லாம் உண்மை, எல்லாம் பெரிய விஷயம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது கஞ்சப் பாராட்டு. எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லிவிட்டு, எப்படி ஜெயித்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய வீரர் ஜெயித்தால் பக்கம் பக்கமாக உத்தியை அலசுகிறார்கள். இவர் ஜெயித்தால் வரலாறு என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள்.

அஸ்மராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். இத்தாலியர்கள் ஆண்ட காலத்தில் அங்கே சைக்கிள் வந்தது, பந்தயமும் வந்தது. பந்தயத்தில் உள்ளூர்க்காரர்களைச் சேர்க்கவில்லை. 1939இல் இருதரப்பும் சேர்ந்து ஓட்ட ஒரு வாய்ப்பு வந்தபோது கெப்ரெமரியம் கெப்ரு என்ற உள்ளூர்க்காரர் இத்தாலியர்களை முந்திவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் சைக்கிளை யாராலும் பிடுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் தெருவை அடைத்துப் பந்தயம் நடத்துகிற ஊர் அது. 2015 டூரில் மலையேற்ற வீரருக்கான சிவப்புப் புள்ளிச் சட்டையைப் போட்ட டேனியல் தெக்லஹைமனோட்டும் எரித்திரியாக்காரர்தான். அவ்வளவு உயரத்தில் வளர்ந்தவர் மலையில்தான் ஜொலிப்பார் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். கிர்மாயோ சமதளத்திலும் சின்ன ஏற்றத்திலும் கடைசிப் பாய்ச்சலைத் தன் தொழிலாக எடுத்துக்கொண்டார்.

அந்தத் தொழிலை ஊரில் இருந்தபடி கற்றுக்கொள்ள முடியாது. 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகல் ஊருக்கு வந்தார். சர்வதேச சைக்கிள் சங்கம் அங்கே ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. பெரிய அணிகளின் கண்ணில் படாத நாடுகளிலிருந்து இளைஞர்களைக் கூட்டிவந்து, ஐரோப்பியப் பந்தயங்களில் இறக்கிவிடுகிறார்கள். அந்த ஆண்டு ஜூனியர் பிரிவில் பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூலை அநேகமாக யாராலும் அசைக்க முடியவில்லை. அவருடைய நாட்டிலேயே நடந்த ஒரு பந்தயத்தில் ஒருநாள் அவரைத் தோற்கடித்த சிலரில் கிர்மாயும் ஒருவர்.

இந்தக் கலையின் அடிப்படையைச் சொன்னால்தான் மேலே சொல்வது புரியும். சைக்கிள்காரனுக்கு எதிரி காற்று. சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மிதிக்காமலே இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். பந்தயத்திலும் அதே கதைதான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் ஒட்டி வருகிறவர் தெம்பைச் சேமிக்கிறார். ஆகவே எல்லைக்கோட்டை நெருங்கும்போது யாரும் முன்னால் இருக்க விரும்புவதில்லை. ஆனால் முதலில் கடக்கவும் வேண்டும். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில், கடைசி நொடி வரை பதுங்கி, சரியான நொடியில் வெளியே வர வேண்டும். சீக்கிரம் வந்தால் காற்று கொன்றுவிடும். தாமதித்தால் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கோட்டைத் தாண்ட வேண்டியதுதான்.

2020இல் டெல்கோ என்ற பிரெஞ்சு அணியில் தொழில்முறை வீரரானார். அது கொரோனா ஆண்டு, பந்தயமே அரிது. அடுத்த ஆண்டு அந்த அணி பணமுடையில் தள்ளாட, ஆகஸ்ட்டில் பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே அணிக்கு மாறினார். செப்டம்பரில் லூவன் நகரில் 23 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் பந்தயம். இத்தாலியின் ஃபிலிப்போ பரோன்சினி தனியாகப் பிரிந்து போய் ஜெயித்தார். துரத்தி வந்த கூட்டத்தின் ஸ்பிரிண்ட்டில் கிர்மாய் முதல். வெள்ளிப் பதக்கம்.

இனி அவருடைய மூன்று ஸ்பிரிண்ட்டுகளைப் பார்ப்போம். முதலில் வேவல்கெம். 2022 மார்ச் 27. கெண்ட்–வேவல்கெம் என்பது பெல்ஜியத்தின் பழைய ஒருநாள் பந்தயங்களில் ஒன்று. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். கெம்மல்பெர்க் என்கிற கல் பாவிய செங்குத்து ஏற்றம், திறந்த வயல்வெளிகளின் குறுக்குக் காற்று. உள்ளூர்க்காரர்களே பத்து வருஷம் ஓட்டிப் பழகவேண்டிய சாலைகள். கிர்மாயின் திட்டத்திலேயே இந்தப் பந்தயம் இல்லை. இரண்டு நாள் முன்பு இதே மாதிரிச் சாலைகளில் நடந்த ஈ3 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். அதைப் பார்த்துவிட்டு, இதையும் ஓட்டிவிட்டு ஊருக்குப் போ என்றார்கள் அணியினர்.

கெம்மல்பெர்க்கைத் தாண்டிய பிறகு நால்வர் பிரிந்து முன்னே போனார்கள். கிறிஸ்தோஃப் லாபோர்ட், ட்ரீஸ் வான் கெஸ்டல், யாஸ்பர் ஸ்டாய்வன், கிர்மாய். கூட்டம் துரத்திப் பிடிக்க முடியவில்லை. நால்வரும் கடைசிக் கிலோமீட்டருக்குள் வந்ததும் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட கட்டத்தில் பொதுவாகக் கோட்டுக்கு 200 மீட்டர் இருக்கும் வரை, முடிந்தால் 150 மீட்டர் இருக்கும் வரை காத்திருப்பார்கள். கிர்மாய் பின்னாலிருந்து 250 மீட்டரிலேயே பாய்ந்தார்.

இது அவசரம் போலத் தெரியும். நான் இதைக் கணக்கு என்கிறேன். பின்னாலிருந்து பாய்கிறவர் மற்றவர்களைத் தாண்டும்போதே முழு வேகத்தில் இருக்கிறார். மற்றவர்கள் அவரைப் பார்த்து, கியரை மாற்றி, இருக்கையிலிருந்து எழுவதற்குள் ஒரு நொடி போய்விடுகிறது. அந்த ஒரு நொடியில் விழுகிற இடைவெளியால் அவருடைய பின்சக்கரத்தின் நிழல் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. காற்றை அவரும் தனியாகக் கிழிக்கிறார், அவர்களும் தனியாகக் கிழிக்கிறார்கள். லாபோர்ட் நெருங்கினார், நெருங்கிக்கொண்டே இருந்தார். ஆனால் கோடு முன்னால் வந்துவிட்டது. கோட்டைத் தாண்டியதும் கிர்மாய் தானே நம்பாதவர் மாதிரி இருந்தார்.

அடுத்த வாரம் ஃபிளாண்டர்ஸ் பந்தயம். வேவல்கெமில் ஜெயித்தவன் அதை விடுவானா என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் விட்டார். மூன்று மாதமாக மனைவியையும் குழந்தையையும் பார்க்கவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று விமானம் ஏறிவிட்டார். ரசிகனாக எனக்கு வருத்தம்தான். ஆனால் 21 வயதில், தொடர்ந்து ஓட்டச்சொல்லி உலகமே கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஸ்பிரிண்ட்டில் காத்திருக்கத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

நடுவில் சறுக்கல்களும் உண்டு. 2023இல் முதல் டூர் டி பிரான்ஸ், ஒரு வெற்றியும் இல்லை. 2024 மே மாதம் ஜிரோவில் ஒரே நாளில் இரண்டு முறை விழுந்து வெளியேறினார். அந்த ஆண்டே மறுபடி டூர். இரண்டாவது ஸ்பிரிண்ட் அங்கேதான்.

மூன்றாம் நாள், ஜூலை 1, டுரின் நகரம். முடிவை நெருங்கும்போது ஒரு விபத்து. ஒவ்வொரு அணியும் தன் ஸ்பிரிண்ட் வீரரை வரிசைகட்டி இழுத்துக்கொண்டு வரும் ஏற்பாடு அங்கே சிதறிப்போனது. தேர்ந்த தோழர்கள் கொண்டுவந்து விட்டால்தான் பாயத் தெரிந்தவர்கள் திகைத்து நின்றார்கள். கிர்மாய் தடுப்புவேலியை ஒட்டியிருந்த இடைவெளியில் புகுந்து வெளியே வந்தார். ஃபெர்னாண்டோ கவிரியா இரண்டாமிடம், ஆர்னோ டெ லீ மூன்றாமிடம். குழப்பத்தில் வழி கண்டுபிடிப்பது அஸ்மராவின் தெருப் பந்தயங்களில் பழகியதா, பெல்ஜியத்தில் பழகியதா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். எட்டாம் நாள் கொலம்பே ஊரின் ஏற்றத்தில் யாஸ்பர் ஃபிலிப்சனை முந்தினார். பன்னிரண்டாம் நாள் வில்நெவ்-சூர்-லோவில் மூன்றாவது வெற்றி. பதினாறாம் நாள் நீம் நகரில் விழுந்தார். அன்று ஃபிலிப்சன் ஜெயித்து, புள்ளிகளில் நெருங்கிவிட்டார். அடிபட்ட உடம்போடு ஆல்ப்ஸ் மலைகளை நேரக்கெடுவுக்குள் தாண்டி, நீஸ் நகரில் பச்சைச் சட்டையோடு இறங்கினார். 387 புள்ளி, ஃபிலிப்சனுக்கு 354.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சமும் ஏற்றமில்லாத, நேரான, அகலமான சாலையில், எல்லா அணிகளும் ஒழுங்காக வரிசைகட்டி வந்தால், இவரைவிட வேகமானவர்கள் இருக்கிறார்கள். கால்வலு ஒன்றே போதுமான இடத்தில் இவர் நல்ல வீரர், அவ்வளவே. சாலை கொஞ்சம் தூக்கினாலோ திட்டம் கலைந்தாலோ இவருடைய கை ஓங்குகிறது.

மூன்றாவது ஒரு ஸ்பிரிண்ட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். 2022 மே 17, ஜிரோவின் பத்தாம் நாள், பெஸ்காராவிலிருந்து யேசிக்கு 196 கிலோமீட்டர். பிற்பகுதி முழுக்க குட்டைக் குட்டைக் குன்றுகள். கனமான ஸ்பிரிண்ட் வீரர்கள் எல்லோரும் பின்தங்கிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் மத்யூ வான் டெர் பூல் இருந்தார். ஜிரோவின் முதல் நாளே ஹங்கேரியின் விசெக்ராத் ஏற்றத்தில் கிர்மாயை இரண்டாமிடத்துக்குத் தள்ளியவர் அவர். யேசியிலும் கடைசிச் சாலை லேசான ஏற்றம்தான். 39 வயதான, குள்ளமான மலையேற்ற வீரர் டொமெனிகோ போஸோவிவோ கூட அன்று கிர்மாய்க்காக முன்னால் நின்று இழுத்தார். கிர்மாய் பாய்ந்தார். வான் டெர் பூல் அவருடைய சக்கரத்திலேயே இருந்தார், பக்கவாட்டில் வந்தார், கிட்டத்தட்ட சமமானார். பிறகு அவருடைய கால் நின்றது. இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். தோற்ற கையோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பரிசு மேடையில் புரோசெக்கோ பாட்டிலின் தக்கை தெறித்துக் கிர்மாயின் இடது கண்ணில் அடித்தது. மறுநாள் பந்தயத்தில் அவர் இல்லை. அந்தத் தக்கையைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசியது, பாவம்.

என்னைக் கேட்டால் மூன்றிலும் யேசிதான் மேல். வேவல்கெமில் மற்றவர்கள் எதிர்பார்க்கவில்லை. டுரினில் திட்டம் கலைந்திருந்தது. யேசியில் எதிராளிக்கு இவர் என்ன செய்வார் என்று நன்றாகத் தெரியும், நிழலும் கிடைத்தது, போன முறை ஜெயித்தவரும் அவரே. அப்படியிருந்தும் அவரால் தாண்ட முடியவில்லை.