விரதம் முடிந்த மறுநாள்

(தண்ணீர்மலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் கெடா மாநிலத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன். எங்கள் லயத்தில் பெரியப்பா முறையான ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் தைப்பூசத்திற்கு விரதமிருந்து, இந்தத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து வருவார். அந்நாள்களில் ஒரு சொட்டு சம்சுவும் தொடமாட்டார். காவடி இறக்கிய மறுநாளே போத்தல் கைக்கு வந்துவிடும். "சாமிக்குப் பயந்தவன் குடும்பத்தை நினைக்கவில்லையே" என்று ஊர் ஏசியது. மகனைப் பறிகொடுத்த நாள் முதல் அவருக்கு இரவில் உறக்கமில்லை என்பது பெரியம்மாவுக்கு மட்டுமே தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆண்டுகள் ஏற ஏற உடல் தாங்கவில்லை. கடைசி விரதத்தின் மூன்றாம் நாள் கை நடுங்கியது. இல்லாத உருவங்களைக் கண்டு அலறினார். பேய் என்று எண்ணி மந்திரிக்கக் கொண்டுபோனோம். மருத்துவரிடம் சேர்த்தபோது காலம் கடந்துவிட்டது.

பெருங்குடியைத் திடீரென நிறுத்தினால் சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வரும்; உயிருக்கே ஆபத்தாகலாம். இது பேயுமல்ல, பாவமுமல்ல. துயரமும் குடியும் பின்னிக் கிடக்கும்போது இரண்டையும் ஒன்றாகவே குணப்படுத்த வேண்டும்.

குடியை எதிர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. ஆனால் கடையை மூடினால் மட்டும் மனப்புண் ஆறிவிடுமா?

தமிழகம் ஒரு வழி காட்டியது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980இல் சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1989 முதல் அந்நிலையம், இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்திலேயே பதினைந்து நாள் முகாம்களை நடத்தியது. மருந்தும் மனநல ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைத்தன. மனைவிமாருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. ஊராரும் தோள் கொடுத்தார்கள்.

நம் ஆலயங்களும் இதைச் செய்யலாம். விரதமாலை போட வரும் அன்பரிடம், "ஐயா, தினமும் எவ்வளவு குடிப்பீர்கள்? இரவில் உறக்கம் வருகிறதா?" என்று தனியே, அன்போடு கேளுங்கள். விரதத்திற்கு முன்பே அரசு சுகாதாரக் கிளினிக்கிற்கு உடன் செல்லுங்கள். மாலை கழற்றிய மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

பெரியப்பா வீட்டுக் கதவை நாங்கள் தட்டவில்லை. முருகப்பெருமான் அருளால் இனியேனும் தட்டுவோம்.