பிசிறுள்ள எழுத்துகள்

பின்நவீனத்துவம் என்றாலே நம் கூட்டங்களில் நாவலும் கோட்பாடும்தான் பேசப்படும். நான் இன்று அச்செழுத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.

உலகப்போருக்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் வேரூன்றிய நவீனத்துவ வடிவமைப்புக்கு ஒரு கனவு இருந்தது. அலங்காரமற்ற எழுத்து, கட்டங்களுக்குள் அடங்கிய பக்கம், எந்த நாட்டவருக்கும் புரியும் தெளிவு. 1957இல் வந்த ஹெல்வெட்டிகா அதன் முகமானது. தேசிய வெறி எரித்துப்போட்ட ஐரோப்பாவில் எந்தத் தேசத்தின் வாசனையும் இல்லாத எழுத்தை விரும்பியதில் நியாயம் உண்டு. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அறுபதுகளில் பெருநிறுவனங்கள் அதை வாரிக்கொண்டன. விற்பது எதுவானாலும் எல்லோருக்கும் ஒரே குரல் வந்துவிட்டது.

எதிர்ப்பு அந்த வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது. பாசல் நகரில் 1968 முதல் கற்பித்த வுல்ஃப்காங் வைன்கார்ட், அச்சுக்கோக்கும் தொழிலை முறையாகப் பழகியவர். விதிகள் அத்துப்படி என்பதால் எங்கே உடைக்கலாம் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு நெருக்கமானது 1984இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஒரு பத்திரிகை. பெயர் 'எமிக்ரே'. புலம்பெயர்ந்தவர் என்று பொருள். நமக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. நடத்திய ரூடி வான்டர்லான்ஸ் நெதர்லாந்திலிருந்து வந்தவர். அவர் மனைவி சுசானா லிட்ச்கோ பிராத்திஸ்லாவாவில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா வந்தவர். அப்போது புதிதாக வந்திருந்த மெக்கின்டோஷ் கணினித் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள்தான். வளைவெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். மற்றவர்கள் அதைக் குறையாகப் பார்த்தார்கள். லிட்ச்கோ அந்தப் படிக்கட்டுகளைக் கொண்டே எழுத்துருக்கள் செய்தார்.

நியூயார்க்கில் பெரும்புகழோடு இருந்த மாசிமோ விக்னெல்லி இதைக் குப்பை என்றார். (அவரும் இத்தாலியிலிருந்து வந்தவர்தான்!) நல்ல எழுத்துரு விரல்விட்டு எண்ணும் அளவே போதும் என்பது அவர் கட்சி. லிட்ச்கோவின் வாதம் வேறு: எந்த எழுத்தும் பிறவியிலேயே தெளிவானதல்ல, பழகியதைத்தான் நாம் சுலபமாக வாசிக்கிறோம். இதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்தைச் சீர்திருத்தியபின் படித்தவர்கள், துதிக்கை வைத்த பழைய 'லை'யைக் கண்டால் ஒரு கணம் நிற்கிறார்கள். அவர்களுடைய பாட்டி நிற்கவே இல்லை.

அதற்காக உடைத்ததெல்லாம் உயர்வு என்று சொல்ல மாட்டேன். 1994இல் 'ரே கன்' இதழில் டேவிட் கார்சன் ஒரு பாடகரின் நேர்காணலை முழுக்கச் சின்னங்களாலான எழுத்துருவில் அச்சிட்டார். நேர்காணல் சலிப்பாக இருந்ததாம்! வாசகருக்குப் பதில் தானே முடிவெடுக்கிற அந்த மனோபாவம் விக்னெல்லியுடையதைவிடக் கறாரானது என்பேன்.

கடைசியாக ஒன்று. 1996இல் லிட்ச்கோ, பழைய பொடோனி எழுத்தைத் தழுவி 'ஃபிலோசோஃபியா' என்ற எழுத்துருவை வெளியிட்டார். அதற்கான சுவரொட்டியை வடிவமைத்துக் கொடுத்தவர், அதே விக்னெல்லி.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.