பெரிய கேமராவோடு மேட்சுக்கும் கச்சேரிக்கும் போகலாமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், ஒளிப்படம் எடுப்பதில் ஆர்வமுள்ள குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன மாதம் லிஃப்டில் சி பிளாக் தம்பி ஒருவர் தோளில் பெரிய கேமரா பையோடு நின்றிருந்தார். புதிதாக வாங்கியது. "அங்கிள், இதை ஐபிஎல் மேட்சுக்கு எடுத்துக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். "கூடாது" என்று சொல்வதற்குள் நாலாவது மாடி வந்துவிட்டது. காரணம் சொல்வதற்குள் ஆறாவது மாடியில் அவர் இறங்கிவிட்டார். அவருக்குப் பாக்கி வைத்த பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்லப்போகிறேன்.

முதலில் என் கதை. சில வருடங்களுக்கு முன் அப்பாவை ஒரு பெரிய மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஊர், எந்த மைதானம் என்பது இங்கே வேண்டாம். அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. வாழ்நாள் முழுக்க ரேடியோவிலும் டிவியிலும் கிரிக்கெட் கேட்டவர், பார்த்தவர். 1986இல் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி 'டை' ஆன டெஸ்டைப் பற்றி, நேரில் பார்த்தவர் மாதிரியே பேசுவார். ஆனால் ஸ்டேடியத்துக்குள் ஒரு முறைகூடப் போனதில்லை. அதனால் நான் முழு ஏற்பாட்டோடு கிளம்பினேன். கேமரா, 70-200 லென்ஸ், இரண்டு பேட்டரி, ஒற்றைக்கால் ஸ்டாண்டு.

கேட்டில் பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி தலையை ஆட்டினார். டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை, தவறு என்னுடையதுதான். பையை வைக்க அங்கே இடமில்லை. கார் நின்றதோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. அப்பாவைத் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு, கூட்டத்துக்கு எதிராக நடந்து போய்க் காரில் பையைப் பூட்டிவிட்டு, திரும்ப வரிசையில் நின்று உள்ளே போனபோது எட்டு ஓவர் முடிந்திருந்தது. அப்பா பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார், பஸ்ஸில் போடுவது மாதிரி. அவர் முதன்முதலாக மைதானத்தைப் பார்த்தபோது முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. படம் எடுப்பதற்காகவே போனவன் நான்.

சரி, ஏன் தடுக்கிறார்கள்?

'ப்ரொபஷனல் கேமரா' என்று விதியில் எழுதியிருக்கும். அதற்கு எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே அளவுகோல் கிடையாது. பெரும்பாலான இடங்களில் லென்ஸைக் கழற்றி மாட்ட முடிந்தால் அது ப்ரொபஷனல். அதாவது உங்கள் டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் எல்லாம் அதில் வந்துவிடும், நீங்கள் பொழுதுபோக்குக்காக வைத்திருந்தாலும். சில இடங்களில் லென்ஸின் நீளத்தைப் பார்ப்பார்கள். எழுத்தில் என்ன இருந்தாலும், கேட்டில் நிற்பவர் தன் கண்ணுக்குப் பட்டதை வைத்துத்தான் முடிவு செய்வார். அவருக்கு ஆளுக்குச் சில நொடிகள்தான் நேரம். பின்னால் ஆயிரம் பேர் நிற்கும்போது சென்சார் அளவு பற்றி அவரிடம் விவாதிப்பதில் பயனில்லை. முக்காலி, ஒற்றைக்கால் ஸ்டாண்டு, செல்ஃபி ஸ்டிக் எல்லாம் அவருக்குக் கம்புதான். பவர் பேங்கைக்கூடப் பல இடங்களில் விடமாட்டார்கள்.

பாதுகாப்பும், பின்வரிசைக்காரருக்கு மறைப்பதும் காரணங்கள்தான். பெரிய காரணம் பணம். ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அவ்வளவு கொடுத்து வாங்கியவருக்கு, கேலரியிலிருந்து ஒருவர் நல்ல லென்ஸில் வீடியோ எடுத்து ஏற்றுவது பிடிக்காது. அசையாத படத்துக்கும் அங்கே விலை உண்டு. 2012இல் இங்கிலாந்து அணி இந்தியா வந்தபோது, கெட்டி உள்ளிட்ட பட நிறுவனங்களுக்கு நம் கிரிக்கெட் வாரியம் அனுமதி மறுத்தது. அதை எதிர்த்து ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி போன்ற பெரிய செய்தி நிறுவனங்களே அந்தத் தொடரைப் படம் எடுக்காமல் நின்றுவிட்டன. அவர்களுக்கே அந்த நிலை என்றால், எச் கேலரியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு?

சட்டம் என்ன சொல்கிறது என்று நம் ஏ பிளாக் வக்கீல் சார் கேட்பார் என்று தெரியும், அதனால் படித்துவிட்டே வந்தேன். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பட்டியலில் பாம்பாட்டியும் இருக்கிறார். உரை நிகழ்த்துபவரும் இருக்கிறார், ஆகவே இப்போது மைக் பிடித்திருக்கும் எனக்கும் உண்டு. மூன்றாவது வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் மாமி கவனிக்கவும். அவர்கள் நிகழ்ச்சியை ஒலியாகவோ அசையும் காட்சியாகவோ பதிவு செய்வது அவர்கள் அனுமதிக்கு உட்பட்டது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் செய்யும் பதிவுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் யூடியூபில் ஏற்றினால் அது சொந்த உபயோகம் இல்லை.

அசையாத ஒளிப்படம் இந்தப் 'பதிவு' என்ற வரையறைக்குள் வராது. "அப்படியானால் படம் எடுக்கலாமே" என்று நினைக்காதீர்கள். இடம் அவர்களுடையது. நாம் வாங்குவது உள்ளே வந்து உட்கார ஓர் அனுமதி, அதோடு நிபந்தனைகளும் வருகின்றன. சட்டம் தடுக்காததை டிக்கெட் தடுக்கலாம். ஆகவே படிக்க வேண்டியது சட்டப் புத்தகத்தை அல்ல, டிக்கெட்டின் பின்பக்கத்தை. இப்போது எல்லாம் போனில் வருவதால் பின்பக்கமே கிடையாது. 'நிபந்தனைகள்' என்ற சின்ன இணைப்பைத் தொட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் மீறி ஒரு நாள் உங்களை உள்ளே விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? இதை யாரும் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. சர்வதேசப் போட்டியில் பிட்சின் நடுவிலிருந்து எல்லைக்கோடு 65 கெஜம் முதல் 90 கெஜம் வரை இருக்கும். அதற்குப் பின்னால் வேலி, அதற்கும் பின்னால், மேலே, நம் இருக்கை. நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனின் சாதாரண லென்ஸில் அந்தத் தூரத்தில் 150 மீட்டர் அகலம் விழும். ஆள் எறும்பு. 200 மில்லிமீட்டர் லென்ஸை முழுப் பிரேம் கேமராவில் மாட்டினால் 18 மீட்டர் அகலமும் 12 மீட்டர் உயரமும் விழும். ஆறடி பேட்ஸ்மேன் அந்த உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. அதைத்தான் நான் அன்று ஒன்றரை கிலோ எடையில் சுமந்துகொண்டு போனேன். பத்திரிகையில் வருகிற மாதிரி, வியர்வை தெரிகிற படம் வேண்டுமென்றால் 400, 600 வேண்டும். 400 எஃப் 2.8 லென்ஸ் கிட்டத்தட்ட மூன்று கிலோ, விலை பத்து லட்சத்துக்கு மேல். அதை வைத்திருப்பவரும் கேலரியில் உட்காருவதில்லை, அனுமதி அட்டை வாங்கிக்கொண்டு விளம்பரப் பலகைக்குப் பின்னால் தரைமட்டத்தில் உட்காருகிறார். மேலிருந்து எடுத்தால் தொப்பியின் உச்சிதான் தெரியும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பிளாஷ் போடாதீர்கள். கேமராவின் சொந்த பிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் உருப்படியாகப் போகாது. முன்வரிசைக்காரரின் பின்மண்டைதான் வெளிச்சமாகும்.

கச்சேரிக்கு வருவோம். பெரிய சினிமா இசை நிகழ்ச்சிகள் ஸ்டேடியம் மாதிரியேதான். உலகம் முழுக்கப் பத்திரிகைப் படக்காரர்களுக்கே முதல் மூன்று பாட்டு, பிளாஷ் கிடையாது, பிறகு மேடை முன்னாலிருந்து வெளியே போக வேண்டும் என்ற வழக்கம் பரவலாக உண்டு. மார்கழிக் கச்சேரி வேறு மாதிரி. அங்கே பிரச்சினை பணத்தைவிடச் சத்தம். ஆலாபனையில் பாடகர் குரலை நூலாக இழைத்துக் கீழே கொண்டுவரும்போது, டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி 'சடக்' என்று தூக்கிப் போடும் பாருங்கள், அரங்கமே திரும்பிப் பார்க்கும். நான் அப்படித் திரும்பிப் பார்க்கப்பட்டவன். மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத ஷட்டர் உண்டு. அதிலும் ஃபோகஸுக்கு எரியும் சின்ன விளக்கையும் பின்திரை வெளிச்சத்தையும் அணைக்க மறந்துவிடுகிறோம். உண்மையாகவே ஒரு கலைஞரைப் படம் எடுக்க ஆசை என்றால், இரண்டு நாள் முன்னதாகச் சபாவுக்கும் கலைஞருக்கும் எழுதிக் கேளுங்கள். ஓரத்தில் நின்று ஓர் உருப்படி வரை எடுத்துக்கொள்ளச் சொன்னாலே பெரிய விஷயம். எடுத்த படத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள், அடுத்த வருடம் கேட்பது சுலபமாக இருக்கும்.

"அப்போது அந்தக் கேமராவை என்ன செய்வது அங்கிள்?" என்று தம்பி முகத்தில் எழுதியிருக்கிறது. நம் ஊரில் லீக் கிரிக்கெட் வாரம்தோறும் கல்லூரி மைதானங்களில் நடக்கிறது. கேலரியும் கூட்டமும் கிடையாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொள்ளலாம், அணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். அங்கே உங்கள் 200 லென்ஸ், ஃபைன் லெக்கில் நிற்பவரின் முகத்தைச் சட்டகம் நிறையக் கொடுக்கும். மட்டை சுழல்வதை உறையவைக்க ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடியாவது வேண்டும், பகல் வெளிச்சத்தில் அது சுலபம். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்குப் போங்கள். மாட வீதி முழுக்க முகங்கள். கூட்டத்தில் லென்ஸ் மாற்ற மட்டும் முயலாதீர்கள்.

மேட்சுக்குப் போகும்போது போன் போதும். இல்லையென்றால் சட்டைப்பையில் அடங்குகிற சின்ன கேமரா. 300 கிராம் எடையில் 200 மில்லிமீட்டர் அளவுக்கு இழுக்கிறவை இருக்கின்றன, லென்ஸ் கழலாது. அதையும் நிபந்தனையைப் பார்த்துவிட்டே கொண்டுபோங்கள்.

அன்றைக்கு நானும் கடைசியில் போனில்தான் எடுத்தேன். இடைவேளையில் முன்வரிசையில் இருந்த ஒரு பையனிடம் போனைக் கொடுத்து, அப்பாவையும் என்னையும் எடுக்கச் சொன்னேன். பின்னால் மைதானம் வெளிறிப்போய்த் தெரிகிறது, ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டிருக்கிறார். எங்கள் ஹாலில் இப்போது மாட்டியிருக்கிறதே, வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், அதுதான் அந்தப் படம். அப்பா போய் இரண்டு வருடமாகிறது.

பேசி முடித்தபின் பி பிளாக் அம்மா ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். லென்ஸைக் கழற்றி அவர் கைப்பையிலும், கேமராவை வீட்டுக்காரர் பையிலுமாகக் கொண்டுபோனால்? கண்டுபிடிப்பார்கள் அம்மா, இரண்டு பையையும்தான் திறக்கிறார்கள். உள்ளே போய்ப் பூட்டி எடுக்க ஆரம்பித்த பிறகு பிடித்தால் வெளியே அனுப்பவும் நிபந்தனையில் இடம் இருக்கும். டிக்கெட் காசும் போய்விடும். வாசல் பக்கத்துப் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போகலாமா என்றார் இன்னொருவர். ஒரு லட்ச ரூபாய்ப் பொருளை, சீட்டு இல்லாமல், நாலு மணி நேரத்துக்கு, முன்பின் தெரியாதவரிடமா?

என்னிடம் அப்படி ஒரு சின்ன கேமரா இருக்கிறது. மேட்சுக்கோ கச்சேரிக்கோ போகிறவர்கள் முன்தினம் சொன்னால் தருகிறேன். உங்கள் மெமரி கார்டைப் போட்டுக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொடுங்கள்.