வழிநூலும் ஒரு மோட்டார் காரும்



இலக்கியம் பேசுவதற்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் இன்று ஒரு விற்பனை விளம்பரத்தைப் பற்றிப் பேச எண்ணியுள்ளேன். பத்திரிகையின் சிறு விளம்பரப் பத்தியில் வரும் எட்டுப் பத்து வரிகளும் உரைநடைதான். அந்த வரிகளை நம்பி ஒருவர் தமது சேமிப்பை எடுத்துக் கொடுக்கிறார். அந்த வகையில் நமது சிறுகதைகள் பலவற்றுக்கும் இல்லாத ஒரு பொறுப்பு அவற்றுக்கு உண்டு. நான் சொல்லப்போவது இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் விளம்பரம். அந்தக் கார் அசல் அன்று, பிரதி. பாகங்களை வாங்கி, ஒருவர் தமது வீட்டுக் கராஜில் தாமே பூட்டியது.

இவ்வாறு வீட்டிலே கார் பூட்டும் பழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு ஒரு வரியும் காரணமாயிற்று. 1940 இல் அங்கு கொண்டுவரப்பட்ட கொள்வனவு வரி, பின்னர் செய்து முடித்த கார்களுக்கு அறவிடப்பட்டது. உதிரிப் பாகங்களாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டினால் அந்த வரி இல்லை. 1957 இல் கொலின் சப்மன் என்ற பொறியியலாளரின் லோட்டஸ் நிறுவனம், 'செவன்' என்ற இரண்டு இருக்கைச் சிறு காரை வெளியிட்டு, அதனை உதிரிப் பாகங்களாகவும் விற்றது. பூட்டும் முறையை விளக்கும் கையேடு கொடுத்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால், கழற்றும் முறையை விளக்கும் கையேடு கொடுத்தார்கள் என்றும், வாங்கியவர்கள் அதனைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்துப் பூட்டினார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1973 இல் கொள்வனவு வரி நீங்கிப் பெறுமதி சேர் வரி வந்தது, சலுகையும் மறைந்தது. ஆனால், பழகிய கைகள் ஓயவில்லை. செவன் காரின் உரிமையை அதே ஆண்டில் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம், பூட்டப்படாத பாகங்களாகவும் அதனைத் தொடர்ந்து விற்று வந்திருக்கிறது.

இந்தப் பழக்கத்தோடு ஓர் ஆசையும் சேர்ந்துகொண்டது. 1959 இல் பிரான்சின் லு மான் பந்தயத்தில் வென்ற அணியின் ஓட்டுநர்களில் ஒருவரான கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர், 1962 இல் ஒரு காரியம் செய்தார். இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் அலுமினியத் தகட்டால் செய்த இலேசான காருக்குள், அமெரிக்க போர்ட் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை வைத்தார். அதுவே 'கோப்ரா'. 1967 வரை ஏறக்குறைய ஆயிரம் கார்களே செய்யப்பட்டன. அவற்றுள் முதலாவது, 2016 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் ஏலம் போனபோது, 1 கோடியே 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் பெற்றது. சாதாரண மனிதர் அந்த வடிவத்தை ஆசைப்பட்டால் என்ன செய்வது? சிறு பட்டறைகள் அதனை பைபர் கிளாஸில் வார்த்து விற்றன. பழைய ஜாகுவாரின் அச்சையும் றோவரின் எஞ்சினையும் வாங்கி, மற்றதைத் தாமே செய்துகொண்டார்கள். இன்று உலகில் அசல் கோப்ராக்களைவிடப் பிரதிகளே பன்மடங்கு அதிகம்.

கென்ட் பகுதியில் நான் குடியிருந்த தெருவில் அத்தகைய ஒரு கார் இருந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர். எழுபது வயதைக் கடந்து, முழங்கால் மடங்க மறுத்தபோது, தாழ்வான அந்தக் காருக்குள் இறங்கி ஏறுவது அவருக்கு வேதனையாயிற்று. 2022 இல் விற்பதென்று முடிவு செய்தார். நான் எழுதுகிறவன் என்று அறிந்திருந்தமையால், தாம் எழுதிய விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதனைத் தமிழில் இவ்வாறு சொல்லலாம்:

"கோப்ரா வடிவப் பிரதி. அசல் அன்று. 1989 முதல் 1994 வரை என்னால் பூட்டப்பட்டது. பைபர் கிளாஸ் உடல், றோவர் 3.5 லீற்றர் எஞ்சின், ஜாகுவார் பின் அச்சு. இலக்கத் தகடு கியூ வரிசை. ஓடிய தூரம் 11,000 மைல். ரயர்கள் பார்வைக்குப் புதியவை, வயது ஒன்பது. இடது முன் மட்கார்டில் மயிரிழை வெடிப்புகள் இரண்டு. மழையில் கூரை ஒழுகும். படங்களும் பற்றுச்சீட்டுகளும் முழுமையாக உண்டு."

நேயர்களே, இதில் நான் திருத்துவதற்கு ஒன்றுமிருக்கவில்லை. 'நன்றாகப் பராமரிக்கப்பட்டது' என்ற சொற்றொடர், கார் விளம்பரங்களில் நமது மேடைகளின் 'சிறப்பாக நடைபெற்றது' போலத் தேய்ந்துபோனது. அவர் அதனைப் பாவிக்கவேயில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் அதனையே நிரூபித்தது. ரயரின் பக்கச் சுவரில் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். குறைவாக ஓடிய காரில் ரயரின் வரிகள் ஆழமாக இருக்கும். இறப்பரோ உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கும். பார்க்கத் தெரியாதவர் ஏமாறும் இடம் அது. அதனை அவர் தாமே சொல்லிவிட்டார். கியூ வரிசை என்பது, பழைய பாகங்களும் சேர்ந்தமையால் வயதை நிச்சயிக்க முடியாத வாகனங்களுக்கு அந்நாட்டு அரசு வழங்கும் இலக்கம். சந்தையில் அதனால் மதிப்புக் குறையும் என்று பலர் கருதுவார்கள். அதனையும் அவர் மறைக்கவில்லை.

பற்றுச்சீட்டுக் கோவையை ஒரு மாலைப்பொழுது முழுவதும் இருந்து பார்த்தேன். பைபர் கிளாஸ் துருப்பிடிக்காது. அதன் கீழே மறைந்திருக்கும் இரும்பு அடிச்சட்டம் பிடிக்கும். உடலைப் பொருத்திய பின்னர் அந்த ஒட்டுகளை எவரும் பார்க்க முடியாது. ஆகவே, பொருத்துமுன் ஒவ்வொரு ஒட்டையும் படம் எடுத்து வைத்திருந்தார். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றிய குறிப்பு இருந்தது. 2021 செப்டெம்பரில் அந்நாட்டின் வழமையான பெற்றோலில் எதனோல் பத்து வீதம் வரை கலக்கப்பட்டபோது, பழைய இறப்பர்க் குழாய்களை அது அரிக்கும் என்று, எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். அந்தக் கோவையில் பெயரடை ஒன்றுகூட இல்லை.

அதைப் புரட்டியபோது எனக்கு நினைவு வந்தது நன்னூல். நூலை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுத்தவர் பவணந்தியார். நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப் பாயிரம், செய்தவர் பெயரையும், அது எதன் வழி வந்தது என்பதையும், எவ்வாறு யாக்கப்பட்டது என்பதையும், யாருக்கு உரியது, என்ன பயன் என்பவற்றையும் சொல்லவேண்டும் என்பது அவர் விதி. அந்த முதியவருக்கு நன்னூல் தெரியாது. எனினும் அவருடைய விளம்பரம் நல்லதொரு பாயிரம். வழிநூல் என்பதில் இழிவு எதுவுமில்லை. கம்பன் செய்ததும் வழிநூலே. தாம் பின்பற்றியது வான்மீகியை என்பதைப் பாயிரத்தில் சொல்லிவிட்டே அவர் பாடினார்.

விளம்பரம் வெளிவந்த வாரமே வாகன வியாபாரி ஒருவர் வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். வேலையின் சுத்தத்தை மெச்சினார். பிறகு ஒரு யோசனை சொன்னார். காரின் மூக்கில் வெறும் வட்டத் தகடு இருந்தது. அதற்குப் பதிலாகக் கோப்ரா சின்னத்தைப் பொருத்தலாம். கோவையை ஒருபுறம் வைத்துவிடலாம். கேட்பவருக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. கேளாதவருக்கு எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும். அதற்கு உடன்பட்டால் கேட்ட விலைக்கு மேல் இரண்டாயிரம் பவுண் தருவதாகச் சொன்னார். முதியவருக்கு அது சிறு தொகை அன்று.

சட்டம் என்ன சொல்லும் என்று நான் யோசித்தேன். விற்கும் பொருள் விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற விதி, 1979 ஆம் ஆண்டின் ஆங்கிலேய விற்பனைச் சட்டத்தில் தனியார் விற்பனைக்கும் உண்டு. மௌனம் அந்த விதிக்குள் அகப்படாமல் நழுவக்கூடும். ஆனால் முதியவர் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "ஐந்து வருடம் நான் செய்த வேலையை இன்னொருவர் செய்ததாக நம்பவைப்பதற்கு, எனக்கு நீங்கள் பணம் தருகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். வியாபாரி சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பிரதியை அசல் என்று காட்டுவது, அசலைச் செய்தவருக்கு இழைக்கும் அநீதி என்றே நாம் நினைக்கிறோம். பிரதியைச் செய்தவரின் உழைப்பும் அங்கே திருட்டுப் போகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மூலத்தைச் சொல்லாமல் ஒரு கதையைத் தழுவி எழுதுகிறவர், பிறருடைய கதையை எடுத்துக்கொள்வதோடு, தாம் அதில் செய்த தழுவல் வேலையையும் எவரும் பார்க்க முடியாமல் புதைத்துவிடுகிறார்.

வாங்குபவரிடம் உண்மையைச் சொன்னால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் உண்டு. பெராரி கார்களின் வடிவத்தைப் பிரதிசெய்து விற்ற ஒருவருக்கு எதிரான வழக்கில், வாங்கியவர்கள் யாரும் ஏமாறவில்லை என்று வாதிடப்பட்டது. 1991 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்த வாதத்தை ஏற்கவில்லை. வீதியில் அந்தக் காரைப் பார்க்கிறவர்கள் மயங்கலாமே என்றது நீதிமன்றம். வடிவத்தின் உரிமை பற்றிய அந்த வழக்கு வேறு விடயந்தான். ஆனாலும் வீதியில் நிற்கும் மூன்றாவது மனிதரைப் பற்றிய கவலை நியாயமானது. எனது அயலவர் மூக்கில் சின்னம் பொருத்தாமல் விட்டது அந்த மனிதருக்காகத்தான். பெற்றோல் நிலையத்தில் சிறுவர்கள் வந்து இது கோப்ராவா என்று கேட்டால், "இல்லை, அதைப் பார்த்து நான் செய்தது" என்பாராம்.

கார் இரண்டு மாதத்தின் பின்னர் விலைப்பட்டது. வாங்கியவர் மின்னியல் வேலை செய்யும் ஓர் இளைஞர். காரைப் பார்த்த நேரத்தைவிடக் கோவையை வாசித்த நேரம் கூட. கிடைத்த விலை, பாகங்களுக்குச் செலவிட்ட தொகையைக்கூட எட்டவில்லை, உழைப்புக்குக் கணக்கேயில்லை. இத்தகைய கார்களுக்குப் பெரும்பாலும் நேர்வது அதுதான். பணத்தை எண்ணி வாங்கிய பின்னர், கூரை எந்த மூலையில் ஒழுகும் என்பதை முதியவர் விரலால் தொட்டுக் காட்டினார். இளைஞர் அதனைக் கோவையின் அடுத்த வெற்றுத்தாளில் தமது கையெழுத்தில் குறித்துக்கொண்டார்.