மதியம் இரண்டு மணிக்கு என்ன வேலை?

வீட்டில் உட்கார்ந்தபடி புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். மேலதிகாரி கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. 'கொடுத்து வைத்தவர்' என்கிறார்கள். ஆனால் எந்த வேலையை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது என்று நாமே முடிவு செய்ய வேண்டுமே, அதில்தான் என்னைப் போன்றவர்கள் திண்டாடுகிறோம்.

எனக்கு விடியற்காலைதான் கண் கூர்மையாக இருக்கும். 'பணி நியமனம்' என்பது 'பனி நியமனம்' என்று வந்திருந்தால் பார்வை தானாகப் போய் அங்கே நிற்கும். உங்களுக்கு அந்தக் கூர்மை இரவு பத்து மணிக்கு வரலாம். சோம்பேறி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உடம்புக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. 1938-இல் நதானியல் கிளைட்மன் என்ற விஞ்ஞானி தன் மாணவரோடு அமெரிக்காவின் மாமத் குகைக்குள் ஒரு மாதம் தங்கி, நாளுக்கு 28 மணி நேரம் என்று வாழ்ந்து பார்த்தார். இளைஞரான மாணவர் பழகிக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய கிளைட்மனின் உடம்போ 24 மணிக் கணக்கை விடவே இல்லை!

சரி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: மதிய மந்தம். பாவம், எல்லோரும் சோற்றின் மேல் பழி போடுகிறோம். சாப்பிடாமல் இருந்தாலும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் பலருக்கு விழிப்பு சற்று இறங்கத்தான் செய்யும். சோறு அதைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் மெய்ப்புத் தாளைத் தொடுவதில்லை. பில் எழுதுவேன், மறுநாள் பார்க்க வேண்டிய பக்கங்களை அச்செடுப்பேன், பாக்கி வைத்திருக்கும் பதிப்பாளர்களுக்குப் போன் போடுவேன். பேசிக்கொண்டிருந்தால் தூக்கம் வராது. அவர்களுக்கும் அதே மந்தம்தானே, புதுச் சாக்கு யோசிக்கத் தெம்பிருக்காது! முடிந்தால் இருபது நிமிடம் கண்ணயரலாம். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் எழுந்த பிறகும் தலை கனக்கும். ஆனால், மந்தத்தை விரட்ட மாலையில் மேலும் மேலும் காபி குடிக்க வேண்டாம். அதன் வீரியம் பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். ராத்திரித் தூக்கம் கெட்டால் மறுநாள் காலையும் போச்சு.

அட்டவணை போடுவது பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு வாரம் கொட்டாவி வந்த நேரத்தைக் குறித்து வாருங்கள், போதும். கடினமான வேலையை அந்த நேரத்தில் வைக்காதீர்கள். உங்கள் பாக்கியெல்லாம் சீக்கிரம் வசூலாகட்டும்.